ஆரோக்கியமானவர், எண் 118

ஜூன் 4, 2018

இன்று முதல் புது வேலை. அதே பாளையங்கோட்டை, அதே ஆஸ்பத்திரி. ஆனால் வார்டிலிருந்து ஆராய்ச்சிப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். நரம்பியல் டாக்டர் வைரவன் ஒரு வருடமாக நடத்திவரும் ஆய்வு. ஐம்பத்தைந்து வயதுக்குள் பக்கவாதம் வந்தவர்களிடம் நான் இரத்தம் எடுக்க வேண்டும், மூன்று தலைமுறைக்குக் குடும்ப மரம் வரைய வேண்டும். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம். நோய் கண்டவரைக் கறுப்பாக்கிவிட வேண்டும். அதே எண்ணிக்கையில் நோய் இல்லாதவர்களிடமும் இரத்தம் எடுப்போம். படிவத்தில் அவர்களுக்கு "ஆரோக்கியமானவர்" என்று பெயர்.

டாக்டர் காலையில் அரை மணி நேரம் விளக்கினார். "ஜப்பான்காரங்களுக்கு மூளை ரத்தக்குழாய் சுருங்கிப்போற ஒரு பரம்பரை மாற்றம் உண்டு. அதை ஐரோப்பாவில தேடினா கிடைக்காது. ஆப்பிரிக்க வழி வந்தவங்களுக்கு வேற காரணம். உலகத்துல இருக்கிற பட்டியல்ல முக்கால்வாசி வெள்ளைக்காரங்க ரத்தம். நம்ம ஆளுங்க அதுல இல்லவே இல்ல ரூபி சிஸ்டர். நமக்கு ஏன் இவ்வளவு சின்ன வயசுல வருதுன்னு நமக்கே தெரியாது."

எனக்கு வந்த முதல் நோயாளி இசக்கிமுத்து, நாற்பத்தொரு வயது, தையல்காரர். வலது கை விழுந்துவிட்டது. பேச்சு குழறுகிறது. அவர் மனைவி பேச்சியம்மாள்தான் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். மாமனாருக்கு நாற்பத்தெட்டில், அவர் அண்ணனுக்கு ஐம்பதில். நான் கட்டங்களைக் கறுப்பாக்கிக்கொண்டே வந்தேன். கடைசி வரிசையில் இரண்டு வட்டங்கள், இரண்டு மகள்கள். என் பேனா அங்கே வந்ததும் பேச்சியம்மாள் தாளின் மேல் கையை வைத்துவிட்டாள்.

"எக்கா, இவளுகளுக்கும் வருமா?"

அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்த ஆய்வு என்றேன். அப்படித்தான் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள்.

ஜூன் 9

அம்மாவுக்குக் கண் சொட்டு மருந்து வாங்கினேன். தோசை மாவு வாங்கினேன். மத்தியானம் இடது கண்ணின் ஓரத்தில் ரம்பத்தின் பற்கள் மாதிரி ஒரு மினுமினுப்பு. இருபது நிமிடம் இருந்தது, பிறகு தலைவலி. கண்ணாடி மாற்ற வேண்டும்.

ஜூன் 21

ஆரோக்கியமானவர்களுக்குத்தான் பஞ்சம். நோயாளிக்குச் சொந்தக்காரராக இருக்கக் கூடாது, வீட்டில் யாருக்கும் பக்கவாதம் இருந்திருக்கக் கூடாது. நாற்பதைத் தாண்டிய பெண்கள் கிடைக்கவில்லை. கேன்டீன் அக்காவுக்கு ஊசி என்றால் பயம்.

கடைசியில் என் இரத்தத்தையே கொடுத்தேன். வயது நாற்பத்து மூன்று. எண் 118. குழாயில் சீட்டு ஒட்டியதும் நான்தான். படிவத்தில் ஏழாவது கேள்வி: தாய், தந்தை, உடன்பிறந்தோரில் யாருக்கேனும் பக்கவாதம்? இல்லை. தந்தை இறந்த காரணம்? விபத்து.

அப்பா சைக்கிளிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டு இறந்தார் என்றுதானே எங்கள் வீட்டில் சொல்வது.

ஆள் கிடைக்காததால்தான் கொடுத்தேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

ஜூன் 24

ஞாயிறு. கோயிலிலிருந்து வந்ததும் அண்ணன் சாப்பிட வந்தான். ஜெபசிங் அண்ணனுக்கு ஆகஸ்டில் நாற்பத்தாறு முடிகிறது. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான். மதினியும் பிள்ளைகளும் அவர்கள் ஊர்த் திருவிழாவுக்குப் போயிருந்தார்கள்.

மீன் குழம்பு அவனுக்குப் பிடிக்கும் என்று வைத்திருந்தேன். சோற்றை இடது கையால் அள்ளிச் சாப்பிட்டான். கேட்டேன். "வலது கை மரத்துப்போச்சுட்டி, வேன்ல படுத்துத் தூங்குனேன்" என்றான். அம்மா உடனே எழுந்து ரசம் கொண்டுவரப் போனாள். ரசம் மேஜை மேலேயே இருந்தது.

ஜூலை 7

சனிக்கிழமை, அரை நாள்தான் வேலை. மதியம் மூன்று மணி இருக்கும். அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். பின்கட்டு அறையிலிருந்து சத்தம் கேட்டது. ஒரு கால் ஊன்றும் சத்தம், பிறகு இன்னொரு கால் இழுபடும் சத்தம். ஊன்றல், இழுப்பு, ஊன்றல், இழுப்பு. கதவு வரை வந்து நின்றது.

போய்த் திறந்து பார்த்தேன். அரிசி டிரம், தேங்காய்க் குவியல், பழைய மின்விசிறி. எலியாக இருக்கும்.

எலி இல்லை. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். பன்னிரண்டு வயதிலிருந்து பதினாறு வயது வரை தினமும் கேட்ட சத்தம் அது.

அப்பா சைக்கிளிலிருந்து விழவில்லை. அவர் சப்-போஸ்ட்மாஸ்டர். முதலில் கடிதங்களை ஊர் மாற்றிப் போட்டார். புகார் வந்தது. பிறகு ஒரு நாள் காலையில் சட்டைப் பித்தான் போடத் தெரியாமல் கண்ணாடி முன்னால் நின்றார். அப்போது அவருக்கு நாற்பத்தாறு. அதன் பிறகு கால் இழுத்தது. காரணமில்லாமல் அழுவார். அழுதுகொண்டிருக்கும்போதே சிரிப்பு வந்துவிடும், நிறுத்த முடியாது. நான்கு வருடம் அந்த அறையில்தான் இருந்தார். கதவுக்கு வெளியே கொண்டி. பள்ளிக்கூடம் விட்டு வந்து நான்தான் சோறு ஊட்டுவேன். கடைசி வருடம் என்னை "யாரு பிள்ளை நீ?" என்று கேட்பார். போஸ்ட்மாஸ்டர் மகள் என்று சொல்வேன். "நல்ல மனுசன்" என்பார்.

ஜூலை 8

மேலே எழுதியதைக் கிழித்துவிடலாமா என்று பார்த்தேன்.

ஜூலை 30

வேலை அதிகம். இன்று ஒரு நோயாளியின் கையில் இரத்தம் எடுக்கும்போது, ஊசிக்கு முன்னால் கையை இறுக்கிக் கட்டுவோமே, அந்தப் பட்டையின் பெயர் வாயில் வரவில்லை. உதவிக்கு இருக்கும் நர்சிங் மாணவியிடம் "அதை எடு, அதை எடு" என்றேன். சிரித்தாள். நானும் சிரித்தேன். தூக்கம் போதவில்லை.

வரும் வழியில் தோசை மாவு வாங்கினேன். வீட்டுக்கு வந்தால் குளிர்சாதனப் பெட்டியில் காலையில் வாங்கியது இருக்கிறது.

ஆகஸ்ட் 13

முடிவுகள் வந்துவிட்டன. டாக்டர் என்னையும் இரண்டு மாணவிகளையும் கூப்பிட்டுத் திரையில் காட்டினார். இந்த ஜில்லாவிலேயே ஐந்து குடும்பங்களில், வெவ்வேறு சாதி, வெவ்வேறு ஊர், ஒரே ஜீனில் ஒரே எழுத்து மாறியிருக்கிறது. மூளையின் சின்ன இரத்தக்குழாய்களைக் கெடுக்கும் வியாதிக்குப் பேர்போன ஜீன் அது. ஆனால் சரியாக இந்த மாற்றம் வெளிநாட்டுப் பட்டியல் எதிலும் இல்லை. பல நூறு வருடத்துக்கு முன் இந்தப் பக்கத்தில் வாழ்ந்த யாரோ ஒருவரிடமிருந்து வந்திருக்கலாமாம். டாக்டரின் குரலில் சந்தோஷம் தெரிந்தது.

பிறகு சுருதி இறங்கியது. "ஆனா ஒரு சிக்கல். ஆரோக்கியமானவங்க பக்கத்திலயும் ஒருத்தருக்கு இருக்கு. பெண், நாற்பத்து மூணு. உடம்பு நல்லா இருக்கு, வீட்டுல யாருக்கும் பக்கவாதம் கிடையாது. எண் 118. இதுதான் காரணம்னா இவங்க எப்படி இப்படி இருக்க முடியும்? நம்ம மக்கள்ல சும்மா இருக்கிற மாற்றமா இருக்கலாம். இப்போதைக்கு உறுதியில்லாததுன்னுதான் எழுதணும்."

மாணவிகள் குறித்துக்கொண்டார்கள். நானும் குறித்துக்கொண்டேன். எண்ணை மட்டும் குறிக்கவில்லை.

மாலை வரை வேலை பார்த்தேன். குழாய்களை அடுக்கினேன். பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது பின்னால் யாரோ காலை இழுத்து நடந்து வந்தார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 20

பேச்சியம்மாளை டாக்டர் வரச் சொல்லியிருந்தார். நான் அருகில் இருந்தேன்.

"உங்க வீட்டுக்காரர் ரத்தத்துல ஒரு மாற்றம் தெரியுது. ஆனா அதுதான் காரணம்னு சொல்ல முடியாது. அதே மாற்றம் நல்லா இருக்கிறவங்ககிட்டயும் இருக்கு."

"அப்பம் எம்பிள்ளைகளுக்கு?"

"இப்போதைக்கு அதை நினைச்சுப் பயப்படாதீங்க."

பேச்சியம்மாள் சேலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வெளியே வந்ததும் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். மூத்தவள் மலர்க்கொடிக்குப் பத்தொன்பது வயது. அடிக்கடி தலைவலி என்று படுத்துவிடுகிறாளாம். அவளைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு அடைத்துக்கொண்டிருந்ததாம். "அந்த நல்லா இருக்கவுக ஆருன்னு தெரியாது எக்கா. அவுக நூறு வருசம் இருக்கணும்."

பையிலிருந்து ஒரு ரவிக்கை எடுத்துக் கொடுத்தாள். மலர்க்கொடி தைத்தது. போன முறை வந்தபோது என்னைக் கண்ணாலேயே அளவெடுத்துப் போனாளாம்.

போட்டுப் பார்த்தேன். அளவு சரியாக இருக்கிறது. உடனே கழற்றிவிட்டேன்.

ஆகஸ்ட் 26

கோயிலுக்குப் போகவில்லை. ஏன் போகவில்லை என்று அம்மா கேட்கவுமில்லை. அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்தேன்.

"அம்மா, அப்பாவுக்கு முன்னால அவுக வீட்டுல ஆருக்கும் இப்படி இருந்துச்சா?"

"எப்படி?"

"அப்பாவுக்கு இருந்த மாதிரி."

"ஒங்கப்பா சைக்கிள்ல இருந்து…"

"அம்மா."

கீரைத் தண்டுகளை ஒவ்வொன்றாக ஒடித்தாள். ஒடிக்க வேண்டிய தேவையில்லாததையும் ஒடித்தாள். பிறகு சொன்னாள். அப்பாவைப் பெற்றவருக்கும் அப்படித்தானாம். அவரைக் கொழும்பிலிருந்து கப்பலில் கட்டிலோடு கொண்டுவந்தார்களாம். அம்மாவுக்கு இது கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரியும்.

"ஒங்க அத்தைக்கு அப்பம்தான் மாப்பிள்ளை பாத்துக்கிட்டிருந்தாவ. வீட்டுல கிறுக்கு இருக்குன்னு சொல்லிட்டா ஆரு எடுப்பா? பொறவு நீ இருந்தே. ஆளுவ வரும்போது அவுக சிரிச்சிருவாவ. நாந்தான் கொண்டி போட்டேன். ஒரு நாளைக்குன்னு போட்டேன். பொறவு எடுக்கவே இல்ல."

எனக்குத்தான் கல்யாணமே நடக்கவில்லையே என்று சொல்ல வந்தது. கீரைத் தண்டுகளை அள்ளித் தட்டில் போட்டேன்.

"அண்ணனுக்குக் கை மரத்துப்போகுதும்மா. ஒனக்குத் தெரியும்லா?"

"எனக்கு எல்லாம் தெரியும்," என்றாள் அம்மா. "நீ டம்ளரை எங்க வச்சோம்னு தேடுதது வரைக்கும் தெரியும்."

ஆகஸ்ட் 27

மூன்று மணிக்கே விடுப்புச் சொல்லிவிட்டு அண்ணனைத் தேடிப் போனேன். பிள்ளைகளை ஏற்றுவதற்கு முன்னால், பள்ளிக்கூட மதிலோரம் வேனைத் துடைத்துக்கொண்டிருந்தான். உள்ளே ஏறி முன் இருக்கையில் உட்கார்ந்தேன். அவனும் ஏறி உட்கார்ந்தான்.

ஆய்வில் கண்டதை எல்லாம் சொன்னேன். ஐந்து குடும்பம், ஒரு எழுத்து, பெற்றவருக்கு இருந்தால் பிள்ளைக்குப் பாதிக்குப் பாதி. முடித்ததும் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"போன மாசம் ஒரு நாள், முக்கு ரோட்டுல நிக்கேன். பதினோரு வருசமா ஓட்டுத ரோடு. வலதா இடதான்னு தெரியல. பின்னால பதினாலு பிள்ளைய. எனக்கு வேர்த்து ஊத்துது. எல்.கே.ஜி. பிள்ளை ஒண்ணு, 'அங்கிள், எங்க வீடு இந்தப் பக்கம்'னு கை காட்டுச்சு. அது காட்டுன பக்கம் திருப்புனேன்."

"மதினிக்குத் தெரியுமா?"

"ஆருக்கும் தெரியாது. அப்பா சோறு வைக்கச் சொல்லிக் கதவைத் தட்டுனது ஞாபகம் இருக்கா ஒனக்கு? எனக்குத் தெனமும் கேக்குட்டி. வேன் ஓடும்போதுகூடக் கேக்கு."

எனக்கு மட்டும்தான் கேட்கிறது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

"வேனை விட்டிருண்ணே."

"காப்பரீட்சை வரைக்கும்…"

"இன்னைக்கே."

"ஒனக்கு இருக்கா?" என்று திடீரென்று கேட்டான்.

"இருக்கு."

அவன் என்னைப் பார்த்தான். பிறகு இறங்கிப் பள்ளிக்கூட ஆபீசுக்குள் போனான். பதினைந்து நிமிடம் கழித்து வெறுங்கையோடு திரும்பினான். சாவியைக் கொடுத்துவிட்டான். இன்னொரு டிரைவர் வந்து வண்டியை எடுத்தார். பிள்ளைகள் சன்னல் வழியாக "டாட்டா அங்கிள்" என்று கத்திக்கொண்டே போனார்கள். நாங்கள் இரண்டு பேரும் பஸ்சுக்கு நடந்தோம். அவன் வலது கால் லேசாகத் தரையில் உரசுகிறது. நான் வேண்டுமென்றே மெதுவாக நடந்தேன்.

ஆகஸ்ட் 28

காலையில் டாக்டர் அறைக்குப் போய், 118 நான்தான் என்றேன். ஏழாவது கேள்விக்குப் பொய் எழுதினேன் என்றேன்.

கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்துத் தன் முன்னால் வைத்துக்கொண்டார். "உங்க அப்பா பேரு?" "பொன்னையா தங்கராஜ்." "முதல் அறிகுறி எத்தனை வயசுல?" "நாற்பத்தாறு." "என்ன மாதிரி?" கடிதங்களிலிருந்து ஆரம்பித்தேன். அவர் எழுதிக்கொண்டே வந்தார். கொண்டியைப் பற்றிச் சொன்னபோது மட்டும் பேனா நின்றது.

முடிந்ததும் சொன்னார். "உங்க ரத்த மாதிரியை ஆரோக்கியமானவங்க பட்டியல்ல இருந்து இன்னிக்கே எடுத்துடறேன். நெறிமுறைக் குழுவுக்கு நான் எழுதியாகணும். இனிமே நீங்க ஆய்வுக்காக ரத்தம் எடுக்கக் கூடாது, யாருகிட்டயும் படிவம் நிரப்பக் கூடாது." தாளை மடித்து வைத்தார். "இந்த ஒரு ஆளை வச்சுத்தான் நான் அஞ்சு குடும்பத்துக்கும் பயப்படாதீங்கன்னு சொல்லியிருக்கேன். தப்பு எனக்கும் உண்டு. ஆனா ரூபி சிஸ்டர், இதை அச்சில போட்டிருந்தா? நம்ம மக்களுக்கு இது ஒண்ணும் செய்யாதுன்னு உலகம் பூரா எழுதி வச்சிருப்பாங்க."

இரத்த அழுத்தத்தைப் பார்க்கச் சொன்னார். நூற்று ஐம்பத்தெட்டு. மாத்திரை எழுதிக் கொடுத்தார். அண்ணனை வரச் சொன்னார், அவன் பிடிக்கும் பீடியை முதலில் நிறுத்தச் சொன்னார்.

பேச்சியம்மாளிடம் நானே போய்ச் சொல்கிறேன் என்றேன். "அது என் வேலை" என்றார். கூடவே வருகிறேன் என்றேன். ஒப்புக்கொண்டார்.

செப்டம்பர் 5

போனோம். முன்னறைதான் தையல் கடை. இசக்கிமுத்து இடது கையால் பித்தான்களை நிறம் பிரித்துக்கொண்டிருந்தார். டாக்டர் பக்குவமாகத்தான் சொன்னார். இப்போது கிடைத்த தகவலின்படி இந்த மாற்றம் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம், மகள்கள் விரும்பினால் மட்டும் சோதித்துக்கொள்ளலாம், கட்டாயம் இல்லை, இரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டால் தள்ளிப்போடலாம்.

பேச்சியம்மாள் அவரைப் பார்க்கவே இல்லை. "அந்த நல்லா இருக்கவுகளுக்கு என்ன ஆச்சு?" என்று என்னிடம் கேட்டாள்.

"அது நான்தான். நான் நல்லா இல்ல. எங்கப்பா பக்கவாதத்துல செத்தாரு. மறைச்சு எழுதிட்டேன்."

அவள் திட்டவில்லை. "பதினஞ்சு நாளு," என்றாள். "பதினஞ்சு நாளு நிம்மதியா ஒறங்குனோம். இந்த வீட்டுல அப்படி ஒறங்குனதே இல்ல. குடுத்தவளும் நீதான், எடுத்தவளும் நீதான்." பிறகு, "போங்க," என்றாள்.

தையல் மெஷினுக்குப் பின்னால் மலர்க்கொடி நின்றிருந்தாள். நாங்கள் தெருவில் இறங்கும் வரை மெஷின் சத்தம் கேட்கவில்லை.

செப்டம்பர் 17

ஸ்கேன். என் மூளைப் படத்தில் வெள்ளைத் திட்டுகள், இரத்தம் போகாமல் கெட்டுப்போன இடங்களாம். பன்னிரண்டுக்கு மேல் டாக்டர் எண்ணவில்லை. அண்ணனுக்கு இன்னும் அதிகம்.

செப்டம்பர் 19

அண்ணனும் நானும் பின்கட்டு அறையைக் காலி செய்தோம். கொண்டியைக் கழற்றிவிட்டோம். அம்மா வாசலில் நாற்காலி போட்டுத் தெருவைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். சுவரில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், பென்சிலால் ஊர்ப் பெயர்கள். வரிசை வரிசையாக, பின்கோடு எண்ணோடு. கையெழுத்து கோணல்மாணலாக இருக்கிறது. எண்கள் எல்லாம் சரி. அண்ணன் சரிபார்த்தான்.

இந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு வேண்டாம் என்றேன். அவனும் வேண்டாம் என்றான்.

மாலையில் சத்தம் கேட்டது. அண்ணன் நடக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். அண்ணன் ஐந்து மணிக்கே வீட்டுக்குப் போய்விட்டான்.

செப்டம்பர் 26

இப்போது நான் பதிவறையில் இருக்கிறேன். பழைய கோப்புகளை எண் வரிசையில் அடுக்கும் வேலை. பதினொன்றரை மணிக்கு வாசலில் நிழல். மலர்க்கொடி, தனியாக.

"அம்மைக்குத் தெரியாது," என்றாள். "டவுனுக்கு நூல் வாங்கப் போறேன்னு வந்தேன்."

நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை.

"சிஸ்டர், ஒண்ணு கேக்கணும். பொய் சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன்."

"ஒங்களுக்கு இருக்குன்னு தெரிஞ்ச பொறவு ஒறக்கம் வருதா?"

"வரல."

தலையை ஆட்டினாள். அந்தப் பதிலைத்தான் எதிர்பார்த்து வந்தவள் போல. பையைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டு திரும்பினாள். வாசல் வரை போனவள் நின்றாள்.

"தெரியாம இருந்தேளே, அப்பம்?"

நாற்பத்து மூன்று வயது. அதில் அப்பாவுக்குக் கண்டதிலிருந்து முப்பத்தொரு வருடம். யோசிக்க வேண்டிய கேள்வியே இல்லை, ஆனாலும் யோசித்தேன்.

"அப்பமும் இல்ல," என்றேன்.

மலர்க்கொடி திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். சுடிதாரின் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டாள். இரத்தம் எடுக்க எனக்கு அனுமதி இல்லை, முதலில் டாக்டரோடு பேச வேண்டும், அதன் பிறகும் வேண்டாம் என்று எந்த நிமிடமும் எழுந்து போகலாம் என்று சொன்னேன். சரி என்றாள். டாக்டர் வர அரை மணி நேரம் ஆகும் என்றார்கள். அந்த அரை மணி நேரமும் அவள் மடித்த கையை இறக்கிவிடவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.